மண் உதிர்க்கும் கல்

"இந்தக் கல்லு யாரோடதும்மா?" என்று நிலம் அளக்க வந்த சர்வேயர் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஊர் உண்டாவதற்கு முன்பே நிற்கிற கல் அது. இரண்டு ஆள் உயரம். யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள், யாருக்கும் தெரியாது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது அளவுக் கயிறு அதன் நடுமுதுகில் விழுந்தது. பாதிக் கல் எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. மற்ற இடமெல்லாம் முள்வேலி. அன்றோடு பேச்சும் நின்றது.

கல்லைப் பிடுங்கிவிட்டு வேலியை நேராக இழுத்துவிடலாமே என்றார் சர்வேயர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று வந்தது. அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான் என்று தெருவே சிரித்தது. வீம்பு என்றாள் அம்மா.

சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் அப்பா மண்வெட்டியைக் கல்லில் தட்டி மண்ணை உதிர்ப்பார். ணங், ணங், கடைசியில் மெதுவாக ஒன்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் பெரியப்பாவும் தட்டுவார். அதற்குப் பிறகுதான் அப்பா கைகால் கழுவப் போவார்.

இப்போது அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அம்மா துணைக்குப் போயிருக்கிறாள். ஆள் தேறுவது கஷ்டம் என்று தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனது வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

மதியம்தான் அம்மா போனில் சொன்னாள். அப்பா எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடித்தாராம்.

இதைப் பெரியப்பாவிடம் யார் சொல்வது? அவர் எதிரே வந்தாலே நான் சந்துக்குள் நுழைந்துவிடுவேன்.

சாயங்காலம் அந்தப் பக்கம் ணங் என்றது.

கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் ணங்.

சுவரில் சாத்தியிருந்த அப்பாவின் மண்வெட்டியை எடுத்தேன். கனத்தது. ணங், ணங், மெதுவாக ஒன்று.

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாரு பெரியப்பா. பால்கூட குடிச்சாராம்," என்றேன், கல்லைப் பார்த்து.

கல்லுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி உண்டு. எட்டிப் பார்த்தேன். பெரியப்பா நெற்றியைக் கல்லில் சாய்த்து நின்றிருந்தார். கால் பக்கத்தில் அவருடைய மண்வெட்டி. அதில் பொட்டு மண் இல்லை. அவர் வயலுக்கே போயிருக்கவில்லை.

பிறகு நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.