இரண்டாம் அறையில் வாயு

“காக்கா, கதவைத் திறந்துராதீங்க. நிண்ட இடத்திலயே நில்லுங்க.”

முப்லிஹா கைபேசியில் அண்ணனிடம் அவசரமாகச் சொன்னாள். எதிரே கணினித் திரையில் ‘இரண்டாம் அறை’ என்ற பெயருக்குக் கீழே இலக்கம் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

வாவிக்கரையில் இருந்த அந்த ஐஸ் தொழிற்சாலை அவளுடைய அண்ணன் றிஸ்வியுடையது. கணினி இவள் பொறுப்பு. குளிரூட்டும் வாயு எங்கே கசிந்தாலும் சுவரில் உள்ள சென்சர் அளந்து அலுவலகத் திரைக்கு அனுப்பிவிடும். அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் நிறைந்தால் ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

றிஸ்வி மோட்டார் பார்க்க முதலாம் அறைக்குப் போயிருந்தான். அங்கிருந்து வெளியே வர ஒரே வழி, இரண்டாம் அறை. வேலையாட்கள் எல்லோரும் அஸர் தொழுகைக்குப் போய்விட்டார்கள்.

“என்ட அறையில என்ன காட்டுது?” என்று கேட்டான் றிஸ்வி.

“பூச்சியம். பச்சையா இரிக்கு. நீங்க நிக்கிற இடம்தான் பாதுகாப்பு.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்துவிடட்டுமா என்று கேட்டான். அவள் பதறிப்போனாள். அவனுடைய பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கெஞ்சினாள். கடைசியில் அவன் அடங்கினான். அவள் சொன்னபடி கதவின் கீழ் இடுக்கையும் சாக்கால் அடைத்தான்.

“தலை பாரமா இரிக்கு, புள்ள.”

“நோன்புதானே காக்கா. வெயிலுக்குள்ள வேற நிண்டீங்க.”

அப்படித்தான் இருக்கும் என்று அவனும் ஒத்துக்கொண்டான். சுவரில் சாய்ந்து கீழே உட்காரப் போவதாகச் சொன்னான். சரி, பேசி மூச்சை வீணாக்க வேண்டாம் என்றாள். தீயணைப்பு வண்டி மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுவிட்டது. அது வரும்வரைக்கும் தாங்கினால் போதும்.

அலுவலகத் தொலைபேசியில் வினோஜனை அழைத்தாள். இந்தக் கணினி ஏற்பாட்டையெல்லாம் செய்து தந்த களுதாவளைக்காரன் அவன். சென்சர் வயர்களைக் கணினியோடு இணைக்கிற போர்டு பழுதாகிப்போக, புதியதைக் காலையில் பஸ்ஸில் போட்டு அனுப்பியதும் அவன்தான். நடந்ததை மளமளவென்று சொல்லி முடித்தாள்.

“புதுப் போர்டை ஆர் மாட்டின?”

“நான்தான். வயரில எழுதியிருந்த அறை இலக்கப்படியே மாட்டினன். ஒண்டாம் வயரை ஒண்டு எண்டு போட்ட துளையில, ரெண்டாம் வயரை ரெண்டில.”



“மிஸ், பழைய போர்டில முதல் துளைக்கு இலக்கம் ஒண்டு,” என்றான் வினோஜன். “புதுசில முதல் துளைக்கு இலக்கம் பூச்சியம். அதில ஏதும் மாட்டினீங்களா?”

“இல்ல. அது வெறுமையாத்தான் இரிக்கு.”

“கணினி முதல் துளையத்தான் முதலாம் அறையெண்டு எடுக்கும், அடுத்ததை ரெண்டாம் அறையெண்டு. அப்ப அந்தப் பச்சை, வெறும் துளையின்ட பூச்சியம். சிவப்பா ஏறுறதுதான் காக்கா இருக்கிற அறை.”