பட்டியலில் கடைசிப் பெயர்

மெல்பர்னின் பழைய ஃபுட்டி எனும் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப் ஒன்றில், சுவரில் ஒட்டியிருந்த சனிக்கிழமை அணிப் பட்டியலைப் படித்த மெர்வின் பொரிந்து தள்ளினார்.

“ஒரு பேரும் கேள்விப்பட்டதில்ல. நல்லா ஆடுற டாரலை ஏன் சேர்க்கல? இவனெல்லாம் ஒரு கோச்சா?”

“டாரலுக்கு இன்னும் நேரம் வரல,” என்றார் பின்னால் நின்ற கோச்.

மெர்வின் அசரவில்லை. “கோல் போஸ்ட் முன்னாடி எவனை நிறுத்தியிருக்கீங்க?”

குனிந்து கடைசி வரியைப் படித்தார். அவர் பெயர்.

“நான் வெறும் ரசிகன்பா. நாப்பது வருஷமா வேலிக்கு வெளியில நின்னு கத்தினவன்.”

“இங்க எல்லாருமே அப்படித்தான்.” கோச் பூட்ஸை நீட்டினார். “இன்னிக்குக் காலையில உங்க பொண்ணு அந்த போஸ்டுக்கு அடியிலதான் உங்க சாம்பலைத் தூவிட்டுப் போச்சு.”