நார் உத்திரத்துக்கு வந்த மவுசு

பரிசோதனைக் கூடத்தில் இரண்டு கான்கிரீட் உத்திரங்கள் அருகருகே கிடந்தன. ஒன்று சாதாரணக் கலவை. மற்றொன்றில் தென்னை நார் சேர்த்திருந்தார்கள். ஆராய்ச்சி செய்யும் பொற்கொடி தினமும் வந்து நார் உத்திரத்தைத்தான் தடவிப் பார்ப்பாள். கான்கிரீட் காயாமல் இறுகப் போர்த்தும் ஈரச் சாக்கையும் அதற்குத்தான் முதலில் போர்த்துவாள். சாதாரண உத்திரத்துக்கு வயிறு எரியும்.

"நாலு நார் சேர்ந்ததும் உனக்கு இவ்வளவு மவுசா? சோதனை எந்திரத்தில் என்னை முதலில் ஏற்றட்டும், காட்டுகிறேன்!"

"நான் கேட்டா வாங்கினேன், அண்ணே?" என்றது நார் உத்திரம்.

வார்த்த இருபத்தெட்டாம் நாள், பாரம் ஏற்றிச் சோதிக்கும் எந்திரத்தில் சாதாரண உத்திரத்தைத்தான் முதலில் வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிய அது, திடீரென்று இரண்டாக உடைந்து விழுந்தது. பொற்கொடி அது தாங்கிய பாரத்தைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அடுத்து ஏறிய நார் உத்திரம் உடம்பெல்லாம் விரிசல் விட்டும் உடையவில்லை. பாரம் கூடிக்கொண்டே போனது. நார்கள் ஒவ்வொன்றாக அறுந்தன.

"அண்ணே, ஒரே நொடியில் உன் பாடு தீர்ந்தது. என்னால் உடையவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை" என்று முனகியது.

கீழே கிடந்த உத்திரம் அண்ணாந்து பார்த்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். பொற்கொடி கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"உனக்கென்ன குறைச்சல்?" என்றது அது. "என்னைப் பார்க்க ஒருத்தர்கூட நிற்கவில்லையே!"