உங்க ஊருக்குப் போடா

“ஆத்துல சாயம், காத்துல பஞ்சு. திருப்பூரெல்லாம் ஒரு ஊரா?”

டீக்கடையில் கன்னையன் சொல்லி வாய் மூடுவதற்குள், பக்கத்தில் இருந்த முனீஸ் டீ கிளாஸாலேயே அவர் நெற்றியைப் பிளந்தான். விழுந்தவரின் விலாவில் மிதி மேல் மிதி.

“சோறு போடுற ஊரை ஏசுறியா? பிடிக்கலைன்னா உங்க ஊருக்குப் போடா.”

கைக்குக் கிடைத்த விறகுக் கட்டையால் கன்னையன் திருப்பி அடித்ததில் முனீஸின் முன்பல் தெறித்து விழுந்தது.

ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார். “நீ எந்த ஊருடா?”

“பரமக்குடிங்கய்யா,” என்றான் முனீஸ். “பனியன் கம்பெனி வேலைக்கு வந்து மூணு மாசமாச்சு.”

ஏட்டு திரும்பினார். “நீங்க?”

கன்னையன் ரத்தத்தைத் துடைத்தார்.

“இங்க நல்லூருதானுங்க. எங்க அப்பாரு வெட்டுன கிணறு இருக்குதுங்க. சாயப்பட்டறையில இன்னைக்கு என்ன கலர் போடறாங்கன்னு, அதை எட்டிப் பார்த்தாத் தெரியுமுங்க.”