கூடுதல் அறை

"இங்க சாயங்கால வெயில் அப்படியே அடிக்குமே," என்றாள் அம்மா.

அவள் நின்றுகொண்டிருந்தது ஓர் அறைக்குள். ஆனால் சுவர் இல்லை, கூரை இல்லை. சரிவான மண்ணில் சுண்ணாம்புத் தூளால் போட்ட வெள்ளைக் கோடுகள்தான் இப்போதைக்கு வீடு. நாளை அஸ்திவாரம் தோண்ட ஆட்கள் வருகிறார்கள்.

மகன் ஆர்க்கிடெக்ட். யார் யாருக்கோ வீடு வரைந்து கொடுத்தவன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு முதல் தடவையாகச் சொந்த அப்பா அம்மாவுக்கு வரைகிறான்.

கேட்டது அவர்கள்தான். மூவரும் இருக்கும் இரண்டாவது மாடி வாடகை வீடு போதும் போதும் என்றாகிவிட்டது. சின்ன வீடாக இருக்க வேண்டும், படியே கூடாது, பகலில் விளக்குப் போடும்படி இருக்கக் கூடாது என்றாள் அம்மா. மதியம் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வர வேண்டும் என்றார் அப்பா. அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் வீட்டு மின் மீட்டரைப் படித்தவர். தன் வீட்டு மீட்டர் சும்மா நிற்பதை ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவன் ரசித்துச் செய்தான். மேட்டை வெட்டவில்லை. நடுவில் கிடந்த பாறையையும் அசைக்கவில்லை, வீட்டை அதை ஒட்டி வளைத்துக்கொண்டான். பகலில் கீழே ஓடைப் பக்கமிருந்து காற்று மேலேறி வரும். அது தாழ்வான ஜன்னல் வழியாக நுழைந்து, சூட்டையும் கூட்டிக்கொண்டு எதிர்ச்சுவரின் உச்சியில் வெளியே போய்விடும்.

எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. மேற்கு மூலையில் இருந்த அவனுடைய அறை ஒன்றைத் தவிர.

"சரி, வடக்க தள்ளிடலாம்."

காலால் பழைய கோட்டைத் தேய்த்துவிட்டு, சுண்ணாம்பு டப்பாவைச் சாய்த்துப் புதுக் கோடு போட்டான்.

அம்மா அங்கேயும் போய் நின்று பார்த்தாள். "மழைத் தண்ணி இறங்குற வழியாச்சே இது. அன்னிக்கு என் செருப்பு இங்கதான் சேத்துல மாட்டிக்கிச்சு."

கிழக்கே கொண்டுபோனான். அடுப்படிக்குக் காலை வெளிச்சம் போய்விடும் என்றாள். தெற்கே ஓடைப் பக்கம் கொண்டுவந்தான்.

"ஏண்டா, காத்து வர்ற வழியில போய் அறையை வைக்கிறே?" பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்.

எல்லாமே நியாயமான பேச்சு. அதனால்தான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். எத்தனை பேர் கத்தினாலும் குரலை உயர்த்தாமல் காரியத்தை முடிப்பவள்.

கடைசியில் அறையை ஒரு கட்டில் அளவுக்குச் சுருக்கினான்.

"அதுக்கும் மேல கூரை போடணும்ல," என்றார் அப்பா. "கூரைன்னாலே சூடுதான்."

அவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அப்போ நான் எங்கதான் படுக்கிறது?"

அப்பா ஆரஞ்சுச் சுளையிலிருந்து கொட்டைகளை ரொம்பக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு படுக்கையறை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. குனியாமல் நிமிராமல் கைக்கு எட்டும் சுவிட்சுகள். தண்ணீர் தானாகவே இறங்கி வரும்படி மேட்டில் தொட்டி. ஒவ்வொன்றும் அவர்கள் கேட்டு வாங்கியது. அவனுக்கென்று எதையும் அவர்கள் கேட்டிருக்கவே இல்லை.

"நான் கூட இருக்கிறது வேணாமா?"

அம்மா கோடுகளை மிதிக்காமல், வாசல் வரவேண்டிய இடம் வழியாகவே சுற்றி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"மாட்டு டாக்டரா இருக்காளே, அந்தப் பொண்ணை நான் போய்ப் பார்த்தேன்," என்றாள்.

தன் மனதில் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தான்.

"வயசான ரெண்டு பேரைத் தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு அவகிட்ட சொன்னியாமே. நீ சொன்னது தப்பில்ல. அந்த மாடியில எங்களால தனியா முடியாதுதான். அதைக் கேட்டுட்டு வந்த அன்னிக்குத்தான் உன்கிட்ட இந்த வீட்டை வரையச் சொன்னோம். இங்க எங்களால முடியும்."

அப்பா தலையாட்டினார். வாய் நிறைய ஆரஞ்சு.

வெள்ளைக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அத்தனை ஜன்னலும் சரியான இடத்தில் இருந்தன. ஒன்றைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கட்டில் அளவுக்குச் சுருங்கியிருந்த அந்த அறையைத் தன் செருப்புக் காலாலேயே மெதுவாகத் தேய்த்து அழித்தான்.

"அவ என்ன சொன்னா?"

'அவ' என்று உரிமையோடு வாய்தவறி வந்துவிட்டதை அம்மா கவனித்தாள். கவனிக்காத மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டீ போட்டுக் குடுத்தா. நல்ல பொண்ணுதான். அவ வீட்டுக்குள்ளதான் ஒரே புழுக்கம். நீ போய் மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணு."