திருத்தப்பட்ட ஒரு பிழை

ஆனித் திங்கள் பதினான்காம் நாள். என் வீட்டுச் சாடியில் இருந்த ஓர் எழுத்துப்பிழையை என் மகள் நேற்றுத் திருத்திவிட்டாள்.

என் மனைவி காந்திமதி மாசியில் மாவடு போடுவாள், மார்கழியில் நெல்லிக்காய், கொல்லை மரம் காய்க்கும்போதெல்லாம் நார்த்தங்காய். ஒவ்வொரு சாடியிலும் சீட்டு ஒட்டி, ‘ஊருகாய்’ என்று எழுதுவாள். முப்பத்தெட்டு ஆண்டுகள், அவள் எழுதிய ரகரத்தின்மேல் சிவப்பு மையால் வல்லின றகரம் எழுதினேன்.

“ஊருக்கெல்லாம் குடுக்கேன்லா, அப்போ ஊருகாய்தான். வாத்தியாரய்யா இலக்கணத்தைத் தொட்டுக்கிட்டுத் தயிர்ச்சோறு சாப்பிடட்டும்” என்பாள். சாரலுக்குக் குற்றாலம் போனாலும் ஒரு சாடி உடன் வரும். அருவிக்கரையில் முன்பின் அறியாதவர்களுக்கும் அள்ளிக் கொடுப்பாள்.

பங்குனியில் இறந்துபோனாள். அவள் நோயுற்ற கலக்கத்தில், கடைசிச் சாடியை மட்டும் நான் திருத்தவில்லை. நேற்று அடுக்களையைத் துப்புரவு செய்த மகள் உமையாள், அந்தச் சீட்டைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கணினியில் அச்சிட்ட சீட்டை ஒட்டினாள்.

“பாருங்கப்பா, ஒரு பிழை இல்ல. இப்போ சந்தோஷம்தானே?”

பிழை இல்லைதான். குப்பை வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

எனக்குத் தெரியாமல் காந்திமதி இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு சாடி கொடுத்திருந்தால், அதில் என் சிவப்பு மை பட்டிருக்காது. காலிச் சாடியானாலும் சரி, சீட்டை நனைக்காமல், ஓரெழுத்தையும் திருத்தாமல், கொண்டுவந்து கொடுங்கள்.