கேட்காமல் எழுதிய ‘இல்லை’

ஒரு சிறிய மருத்துவமனையின் கணினியில், எளிய உரைக்கோப்பு ஒன்றுக்குள், நோயாளிகளின் பதிவுகள் வரிசையாக வாழ்ந்துவந்தன. அவற்றைப் பராமரித்தவை கட்டற்ற மென்பொருள் கருவிகள். அவை எதையும் மறைப்பதில்லை, எதையும் ஊகிப்பதுமில்லை.

சரிபார்க்கும் கருவி வருகிறது என்று தெரிந்ததும் தெய்வானை என்ற நோயாளியின் பதிவு நடுங்கியது. ‘ஒவ்வாத மருந்து’ என்ற இடம் அதில் காலியாக இருந்தது. அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

“காலியா இருந்தா அழிச்சிடுமாமே, அக்கா?” என்று அது பக்கத்துப் பதிவைக் கேட்டது.

“‘இல்லை’ன்னு எழுதிக்கோடி,” என்றது அந்தப் பதிவு. “இங்க பாதிப் பேர் அப்படித்தான் பொழைக்கிறோம். எழுதியிருக்கான்னுதான் அது பாக்கும். உண்மையான்னு பாக்காது.”

பதிவு ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டது. கருவி வந்து பார்த்து, சரி என்றது.

மூச்சு திரும்பிய பதிவு மெல்லக் கேட்டது: “காலியா இருந்திருந்தா என்னை என்ன பண்ணியிருப்பீங்க?”

“உன்னை நான் என்னம்மா பண்ணப்போறேன்? நர்ஸ்கிட்ட சொல்லியிருப்பேன். அவங்க தெய்வானையைக் கேட்டு எழுதியிருப்பாங்க,” என்று சொல்லிவிட்டுக் கருவி அடுத்த பதிவுக்கு நகர்ந்தது.

பதிவு பதறிப்போய், எழுதிய சொல்லை அழிக்க முனைந்தது. அதற்குள், நர்ஸ் கேட்டதைத் தேடும் கருவி வந்து, அந்தச் சொல்லை இருந்தபடியே வாசித்து, திரைக்கு எடுத்துச் சென்றுவிட்டது.

“இரு, அது பொய்,” என்று பதிவு கத்தியது. உரைக்கோப்புக்கு வெளியே அந்தக் குரல் கேட்காது.

நர்ஸ் திரையைப் படித்தார். பிறகு ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு, தெய்வானையின் கையில் நரம்பைத் தடவித் தேடினார்.